சூடோ போட்டால் கெர்னல் மோடா? யார் சொன்னது?

கீழக்கரை காக்கா: நேற்று இங்கே ஒருவர் எழுதுகிறார், "சூடோ போட்டு ஓட்டினால் புரோகிராம் கெர்னல் மோடுக்கு மாறிவிடும்" என்று. அதற்கு லைக் வேறு! சூடோ என்பது லினக்ஸில் ஒரு புரோகிராமை ரூட்டாக, அதாவது முழு உரிமை உள்ள யூசராக, ஓட்டும் கட்டளை, அவ்வளவுதான். கெர்னல் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையம், அது ஓடுவது பிராசசரின் உச்ச அதிகார நிலையான ரிங் 0இல். மற்ற புரோகிராம்கள் அதிகாரம் குறைந்த ரிங் 3இல். ரூட்டாக ஓடினாலும் ரிங் 3தான். இன்டெல் பிராசசரில் சிஎஸ் ரெஜிஸ்டரின் கடைசி இரண்டு பிட்டைப் பாருங்கள், எந்த ரிங் என்று அதில் இருக்கும்.

தொண்டி ராசா: எழுதியது நான்தான் காக்கா, பெயரைச் சொல்லியே திட்டலாம். ரூட் எந்த ஃபைலையும் அழிக்கிறதே, கெர்னல் மோடில் இல்லாமலா?

கீழக்கரை காக்கா: அழிப்பது கெர்னல், தம்பி. உங்கள் புரோகிராம் சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) போட்டுக் கேட்கிறது, யூஐடி 0, அதாவது ரூட்டின் யூசர் எண், என்றதும் கெர்னல் சரி என்கிறது. மற்ற யூசருக்கும் அதே வழிதான், பதில்தான் வேறு. பாம்பனில் யார் கப்பல் வந்தாலும் பாலத்தைத் தூக்குவது ரயில்வே ஆள்தானே?

மண்டபம் முனை: ஆள் எங்கே தூக்குகிறார்? கையால் சுற்றித் திறந்தது 1914இல் வந்த பழைய பாலம். 2025இல் திறந்த புதுப் பாலத்துக்கு மோட்டார்.

தொண்டி ராசா: பாலமே தெரியாதவர் பிராசசருக்கு வந்துவிட்டார்.

கீழக்கரை காக்கா: மோட்டாருக்கு பட்டன் அமுக்குவது யாராம்? அதை விடுங்கள். சி புரோகிராமில் மெயினுக்குள் அசெம்பிளியாக எச்எல்டி என்று ஒரே வரி போடுங்கள். பிராசசரை நிறுத்திவைக்கும், ரிங் 0இல் மட்டும் ஓடும் கட்டளை அது. லினக்ஸில் சூடோவோடு ஓட்டுங்கள், செக்மென்டேஷன் ஃபால்ட் என்று புரோகிராமைக் கொன்று முகத்தில் அடிக்கும்.

தொண்டி ராசா: கெர்னலில் மாட்யூல் என்ற கூடுதல் துண்டைச் சேர்க்கும் இன்ஸ்மாட் கட்டளை? ரூட்தானே மாட்யூலை உள்ளே ஏற்றுகிறது?

கீழக்கரை காக்கா: அதுவும் சிஸ்டம் கால்தான். ஏறிய மாட்யூல் ரிங் 0, ஏற்றிவிட்ட இன்ஸ்மாட் ரிங் 3.

ஏர்வாடி நிலா: 2024 ஜூலையில் விண்டோஸ் எல்லாம் நீலத்திரை ஆனதே, அது அட்மின் உரிமையால்தானே?

கீழக்கரை காக்கா: இல்லவே இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் கெர்னலுக்குள் இருந்தது, அதனால்தான் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர் விழுந்தது. வெறும் அட்மின் புரோகிராமாக இருந்தால் அது மட்டும் செத்திருக்கும். ரிங் 3!

தொண்டி ராசா: லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று என் ஹார்டு டிஸ்க்கையே துடைத்தவர்தானே நீங்கள்?

கீழக்கரை காக்கா: பேக்கப் எடுக்கச் சொன்னேன், கேட்டீர்களா? துடைத்ததும் ரிங் 3இல் இருந்துதான்.

மண்டபம் முனை: பட்டன் அமுக்குவதும் தூக்குவதும் ஒன்றா?

கீழக்கரை காக்கா: ராசா, எச்எல்டி ஓட்டினீர்களா இல்லையா?

தொண்டி ராசா: இங்கே கரண்ட் இல்லை. வந்ததும் பார்க்கலாம். அதுவரைக்கும் ரூட் என்றால் கெர்னல்தான்.