மனுசி கணக்கெழுதினால் சம்பளம் போட வேணுமோ? (மூண்டு பேர் புனைபெயரில கதைக்கினம்)

சுன்னாகம் சந்தி: ஒரு ஹாட்வெயார் கடை எண்டு வைப்பம். தனியாள் வியாபாரமாப் பதிவு, வேலைக்கு வெளியாள் ரெண்டு பேர், வருச இலாபம் 30 இலட்சம். கணக்கு முழுக்க மனுசி பாக்கிறா. அவவுக்குச் சம்பளம் போடுறது வலப் பக்கப் பொக்கற்றிலயிருந்து இடப் பக்கத்துக்கு மாத்துற வேலை. யாழ்ப்பாணத் தமிழரின்ரை வழமைச் சட்டமான தேசவழமைப்படி கலியாணத்துக்குப் பிறகு உழைச்சு வாங்கினது தேடியதேட்டம், பாதி அவவின்ரை. பேந்தென்னத்துக்குச் சம்பளம்?

கொக்குவில் பேரேடு: அந்தப் பாதி செத்தாலோ பிரிஞ்சாலோதான் கைக்கு வரும் அண்ணை. வரியைப் பாருங்கோ. 2025 ஏப்ரலிலயிருந்து ஆளுக்கு வருசம் 18 இலட்சம் வரியில்லாக் கழிவு. 30இல கழிச்சால் 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம் 60,000, மிச்சத்துக்கு 18 வீதம் 36,000, மொத்தம் 96,000 ரூபா. மாசம் 40,000 சம்பளம் போட்டால் வருசம் 480,000. கடைக்காரர் பங்கா ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், சேத்து 72,000. இலாபம் 2,448,000 ஆகும், வரி 38,880. மிச்சம் 57,120. அவவின்ரை 480,000 கழிவுக்குள்ள நிக்கிறதால அவவுக்கு வரியில்லை.

சுன்னாகம் சந்தி: 57,120 மிச்சம் பிடிக்க 72,000 கட்டுறதோ? நல்ல கணக்கு.

கொக்குவில் பேரேடு: 72,000 அரசாங்கத்துக்குப் போற காசில்லை, அவவின்ரை பேரில நிக்கிற காசு. சம்பளத்தில பிடிக்கிற 8 வீதத்தையும் சேத்தால் வருசம் 110,400. பெண்களுக்கு 50 வயசில ஈ.பி.எஃப். எடுக்கலாம். ஒண்டு மட்டும் ஒத்துக்கொள்ளுறன்: இலாபம் 18 இலட்சத்துக்குள்ள எண்டால் வரியில ஒரு சதமும் மிஞ்சாது. சேமிப்பு வேணுமெண்டால் மட்டும் போடுங்கோ.

நல்லூர் வடக்கு: இறைவரிக்காரர் கேக்கப்போற கேள்வி வேறை. 2017 இன் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில உறவுக்காரருக்குள்ள நடக்கிற கொடுக்கல் வாங்கலுக்கும், வருமானத்தைப் பிரிச்சுக் காட்டுறதுக்கும் எதிரா விதியள் இருக்கு. நாளுக்கு ரெண்டு மணித்தியாலக் கணக்குக்கு 40,000 எண்டால் ஆர் நம்புவினம்? அதே வேலைக்கு வெளியாளுக்கு என்ன குடுப்பியளோ அதுதான் அளவு. முழுநேரம் எண்டு காட்டினால் 2026 ஜனவரியிலயிருந்து 30,000க்குக் கீழயும் போகேலாது.

கொக்குவில் பேரேடு: அது சரி. ஆனால் ஹாட்வெயார் கணக்கு ரெண்டு மணித்தியாலத்தில முடியாது. பின்னேரம் கல்லாக் காசை பில்லோட ஒப்பிடுறது, மேசன்மாரின்ரை கடன் கொப்பி, பிந்தின திகதி போட்ட செக்குகளின்ரை பதிவு, சீமெந்து, கம்பி வந்த பில்லைச் சரக்கோட பாக்கிறது, மாசம் முடிய வங்கிக் கூற்றோட பொருத்துறது, மற்ற ரெண்டு பேரின்ரை ஈ.பி.எஃப். இதுகளை வேலைக் கடிதத்தில எழுதி, கொப்பியளில அவவின்ரை கையெழுத்தும் திகதியும் இருக்கப் பண்ணுங்கோ. சம்பளம் அவவின்ரை தனிக்கணக்குக்குத்தான் போக வேணும், கூட்டுக்கணக்குக்கு இல்லை. கல்லாவிலயிருந்து எடுத்துக் குடுத்திட்டு மார்ச் 31இல 480,000 எண்டு ஒரே பதிவாப் போடுற ஆக்கள்தான் மாட்டுப்படுகினம்.

சுன்னாகம் சந்தி: அப்ப அடிப்படைச் சம்பளம் 20,000, படி 20,000 எண்டு பிரிச்சால் ஈ.பி.எஃப். பாதியாகுமே?

கொக்குவில் பேரேடு: ஆகாது. வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டுப் படிக்கும் கட்ட வேணும், மேலதிக நேரக் காசுக்கு விலக்கு இருக்கு. ஈ.பி.எஃப். கட்டேக்க மாசாமாசம் குடுக்கிற சி படிவத்தில 20,000, வரித்தாளில 40,000 எண்டு கிடந்தால் நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. பிந்தவும் கூடாது. அடுத்த மாசக் கடைசி வேலைநாளுக்குள்ள கட்டாட்டி முதல் 10 நாளுக்கே 5 வீதம் மேலதிகம், போகப் போக 50 வரைக்கும் ஏறும்.

நல்லூர் வடக்கு: இவ்வளவு சிரமத்துக்கு அவவைப் பங்காளியாக்கினால் என்ன? வியாபாரப் பெயர்ப் பதிவை மாத்தினால் முடிஞ்சுது.

கொக்குவில் பேரேடு: சீதன வீடு ஆற்றை பேரில கிடக்கு எண்டு முதல் பாருங்கோ. இப்ப மனுசன்ரை வியாபாரக் கடன் அவவின்ரை சீதனத்தைத் தொடாது. பங்காளியானால் கடையின்ரை கடன் முழுக்க அவவின்ரை கடனும்தான். சீமெந்து முகவருக்குக் குடுத்த செக் திரும்பினால் வீட்டு வாசலுக்கு வருவினம். சம்பளக்காரிக்கு அந்தப் பயமில்லை.

சுன்னாகம் சந்தி: ஒரு ஓட்டையை விட்டிட்டியள். கொப்பி எழுதுறதும் மனுசி, கல்லாவில இருக்கிறதும் மனுசி எண்டால் பிழை பிடிக்க ஆளில்லை.

கொக்குவில் பேரேடு: அதை ஏற்றுக்கொள்ளுறன். கணக்கெழுதுற ஆள் கல்லாத் திறப்பு வைச்சிருக்கக் கூடாது. வங்கிக் கூற்றைக் கடைக்காரர் தான் பிரிச்சுப் பாத்துக் கையெழுத்து வைக்க வேணும்.

நல்லூர் வடக்கு: இப்ப தை மாசம். கடிதத்துக்குச் சித்திரைத் திகதி போட்டு முழு வருசத்தையும் கழிக்கலாமோ?

கொக்குவில் பேரேடு: ஏலாது. கடிதம் தையெண்டால் சம்பளமும் தையிலயிருந்துதான். சித்திரையிலயிருந்து சி படிவத்தில அவவின்ரை பேர் இல்லாததே காட்டிக் குடுத்திடும்.