சொந்த ஊர் எவ்வளவு பெரியது? புதிதாக வெளிநாடு வந்தவர்கள் தடுமாறும் இடங்கள்

வந்த முதல் மாதத்திலேயே அலுவலகத்தில் யாராவது கேட்பார்கள்: "உங்கள் ஊர் பெரிதா?" நம்மவர்களில் பலர் பட்டென்று "சின்ன ஊர்தான், சென்னைக்குப் பக்கம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் மனதில் வேறு ஒரு படம் விழுந்துவிடுகிறது. நம் அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பேச்சிலும் சரி, வீடு பார்ப்பதிலும் சரி, தப்புக்கணக்கு ஆகிவிடும்.

கும்பகோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி 1.40 லட்சம் பேர். நமக்கு அது நடுத்தர ஊர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2021-இல் 1.45 லட்சம் பேர்தான். ஜெர்மனியில் ஒரு லட்சத்தைத் தாண்டினாலே பெருநகரம் என்ற பிரிவு. 5,000 முதல் 20,000 வரை சிறுநகரம். ஸ்வீடனில் வீடுகள் நெருங்கி அமைந்து 200 பேர் இருந்தாலே அது நகர்ப்புறக் குடியிருப்பாகக் கணக்கில் வரும். பிரிட்டனில் 'சிட்டி' என்பது அரசர் தரும் தகுதி, ஆள் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. வேல்ஸின் செயின்ட் டேவிட்ஸில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை, அது சிட்டி, 1.7 லட்சம் பேர் உள்ள ரெடிங் இன்னும் டவுன்தான்.

ஆகவே சின்னது, பெரியது என்பதை விட்டுவிட்டு எண்ணிக்கை, தூரம், ஊர் எதற்குப் பெயர்போனது என்ற மூன்றையும் சொல்லுங்கள். "ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர், சென்னையிலிருந்து தெற்கே சுமார் 300 கிலோமீட்டர், கோயில்களும் வெற்றிலையும்" என்றால் போதும். லட்சம் என்ற கணக்கு இங்கே புரியாது. 140 ஆயிரம் என்று மாற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எழுதிக் கொடுத்தால் 140.000 என்று புள்ளி வைப்பார்கள். நம் வழக்கப்படி 1.40 என்று எழுதினால் குழப்பம்தான். 300 கிலோமீட்டரைப் 'பக்கம்' என்று சொல்லாதீர்கள். ஐரோப்பாவில் அந்தத் தூரத்தில் இன்னொரு நாடே வந்துவிடும்.

இனி வீடு பார்க்கும் விஷயம். பணம் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணையத்தில் ஓர் ஊரின் மக்கள்தொகையைத் தேடினால் முதலில் வரும் எண் எந்த எல்லைக்கு உரியது என்று பாருங்கள். 'சிட்டி ஆஃப் சிட்னி' என்ற நகராட்சிப் பகுதியில் 2021-இல் 2 லட்சத்துச் சொச்சம் பேர்; கிரேட்டர் சிட்னியில் 52 லட்சம். கனடாவின் கிச்சனர் நகரம் மட்டும் 2.57 லட்சம், பக்கத்து வாட்டர்லூ, கேம்பிரிட்ஜ் (இது கனடாவில் உள்ளது) சேர்ந்த பெருநகரப் பகுதி 5.76 லட்சம். நம் ஊரிலும் இதே கதைதான்: கோயம்புத்தூர் மாநகராட்சி 2011-இல் 10.5 லட்சம், சுற்றுப்புறம் சேர்த்தால் 21 லட்சத்துக்கு மேல். இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வகை எல்லையை எடுங்கள். பெருநகரப் பகுதி எண்தான் பெரும்பாலும் உதவும். நம் பக்கத்து எண் 2011-க்கு உரியது என்பதையும் மறக்க வேண்டாம். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை.

எண் ஒன்றாகவே இருந்தாலும் ஊர் ஒன்றுபோல இருக்காது. தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் (2011). கும்பகோணம் கடைவீதியில் காலை பத்து மணிக்கு நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தவர்கள். ஒன்றரை லட்சம் பேர் ஊரில் அத்தனை துணிக்கடை, அத்தனை தனியார் மருத்துவமனை இருப்பதற்குக் காரணம் அதுதான். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஊர் எல்லை தாண்டினால் பெரும்பாலும் வயல், காடு, நெடுஞ்சாலை. அதே ஒன்றரை லட்சத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமனை ஒன்றே ஒன்று இருக்கலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வரைபடச் செயலியில் ஞாயிறு இரவு 8 மணி என்று நேரம் போட்டு, ரயில் நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்குப் பஸ் காட்டுகிறதா என்று பாருங்கள். திங்கள் காலை நேரத்தை வைத்துப் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். பிறகு பிரசவ வார்டும் குழந்தைகள் அவசரப் பிரிவும் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். பல்கலைக்கழக ஊரானால் கல்வியாண்டு தொடங்கும் நேரத்தில் வீடு கிடைப்பது மிகக் கடினம். கோடை விடுமுறையில் மாணவர்கள் கிளம்பியதும் பஸ் எண்ணிக்கையைக்கூடக் குறைப்பதுண்டு.

பதில்:
படிவத்தில் 'பிறந்த ஊர்' கட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு. தலைப்பிரசவம் அம்மாவின் ஊரில் நடப்பது நம் வழக்கம். மருத்துவமனை இன்னொரு டவுனில் இருந்திருக்கும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். பாஸ்போர்ட்டில் மட்டும் அப்பாவின் ஊரை எழுதிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. விசா, வதிவிடப் பதிவு, வங்கி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அப்படியே போடுங்கள். "யாருக்கும் தெரியாத ஊர்" என்று பக்கத்துப் பெரிய நகரத்தின் பெயரை எழுத வேண்டாம். பாஸ்போர்ட்டே தவறு என்றால், நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்தியத் தூதரகம் வழியாக மறுவெளியீட்டில் திருத்திக்கொள்வது நல்லது. இடையில் மாற்றினால் பழைய கோப்புகளுக்கெல்லாம் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

பதில்:
மாவட்டப் பெயரும் இப்படித்தான் மாட்டிவிடும். 1985-இல் மயிலாடுதுறையில் பிறந்தவரின் சான்றிதழில் தஞ்சாவூர் மாவட்டம் இருக்கும். 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 2020-இல் மயிலாடுதுறையே தனி மாவட்டம். ஒரே வீட்டுக்கு மூன்று மாவட்டம்! தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்காரர்களுக்கும் 2019-க்குப் பிறகு இதே நிலை. பழைய சான்றிதழில் 'பெரியார் மாவட்டம்' என்று இருந்தால் அது பிறகு ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. அதிகாரி கேட்பதற்கு முன்பே ஒரு பக்க விளக்கக் கடிதமும், மாவட்டம் பிரித்த அரசாணை நகலும் சேர்த்து வையுங்கள். அரசாணை தமிழில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும்.

பதில்:
கிராமத்துக்காரர்களுக்கு ஒன்று. கணக்கெடுப்பில் 'கிராமம்' என்றால் வருவாய் கிராமம்; அதற்குள் நாலைந்து குக்கிராமங்கள் இருக்கலாம். இணையத்தில் உங்கள் ஊர்ப் பெயரில் 6,000 பேர் என்று காட்டினால், அது உங்கள் தெருக்கள் மட்டுமல்ல. உங்கள் ஊர்ப் பெயரே பட்டியலில் இல்லையென்றால் வீட்டுப் பட்டாவைப் பாருங்கள். எந்த வருவாய் கிராமம், எந்த வட்டம் என்று அதிலேயே இருக்கும்.