பிறந்த உடனே வார்டுல நடக்கறது தாய்ப்பாலை பாதிக்குமா?

ஈசூன் அம்மா:
வணக்கம் அக்காமாரே, எனக்கு இது ரெண்டாவது, 34 வாரம். முதல் பையன் சிசேரியன், இங்க சிங்கப்பூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேணாம். பிறந்த அன்னிக்கு ராத்திரி "நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னு நர்சரிக்கு தூக்கிட்டு போயிட்டாங்க, காலைல கொண்டு வந்தப்ப வயிறு முட்ட ஃபார்முலா (பவுடர் பால்) குடிச்சிட்டு அசந்து தூங்குறான், என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் பாட்டிலுக்கு பழகிட்டு மார்ல வாயே வைக்கல. வீட்டுல "உனக்கு பால் பத்தல"ன்னே சொன்னாங்க, அத்தை பாவம் தேக்கா மார்க்கெட்ல பால் சுறா தேடி வாங்கி புட்டு செஞ்சு குடுத்தாங்க, அப்பவும் ஊறல. அது என் உடம்புல உள்ள குறையா, இல்ல வார்டுல நடந்ததா? இந்த தடவை முன்னாடியே என்ன சொல்லி வைக்கணும்?

செங்காங் வாசி:
உன் உடம்பு மேல பழி போடாதம்மா. புள்ள சப்ப சப்பத்தான் பால் ஊறும், சிசேரியன்னா பால் இறங்க கொஞ்சம் லேட்டாகும், அதுலயும் ராத்திரி முழுக்க புள்ளைய பிரிச்சு வச்சா எப்படி ஊறும்? கேகே, என்யூஎச், எஸ்ஜிஎச் மூணும் பேபி ஃப்ரெண்ட்லி சான்றிதழ் வாங்கின ஆஸ்பத்திரிங்க. இது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991ல ஆரம்பிச்ச திட்டம். புள்ளைய அம்மா பக்கத்துலயே வைக்கணும், பிறந்ததும் நெஞ்சு மேல போடணும், காரணம் இல்லாம ஃபார்முலா குடுக்கக்கூடாது, இதெல்லாம் அதுல இருக்கு.

நைட் ஷிஃப்ட் மிஸ்ஸி:
நான் மகப்பேறு வார்டுல நர்ஸ், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன் தங்கச்சி. முதல் நாள் புள்ளைக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் அளவு சீம்பாலே (முதல்ல ஊறுற கெட்டிப் பால்) போதும், அதைப் பாத்துட்டுத்தான் "பாலே வரல"ன்னு எல்லாரும் பயந்துடுறாங்க. 24 மணி நேரத்துல 8லேருந்து 12 தடவை குடிக்கணும், ராத்திரி குடுக்கறத விடவே கூடாது, பால் ஊற வைக்கிற ஹார்மோன் அப்பத்தான் அதிகம். எடை குறையறதும் சகஜம், பிரசவத்துல அம்மாவுக்கு டிரிப்ஸ் நிறைய ஏத்தியிருந்தா புள்ளையோட பிறந்த எடையே கூடுதலா காட்டும், அப்புறம் ரொம்ப குறைஞ்ச மாதிரி தெரியும். ஆனா 10 சதவீதத்துக்கிட்ட போனாலோ, சுகர் இறங்கினாலோ, மஞ்சள் காமாலை ஏறினாலோ உண்மையிலேயே கூடுதல் பால் தேவைப்படலாம், அப்ப பிடிவாதம் பிடிக்காதீங்க. காரணத்தை கேளுங்க, முதல்ல கையால சீம்பாலை பிழிஞ்சு சிரிஞ்சிலயோ ஸ்பூன்லயோ குடுங்க. அட்மிஷன் அப்பவே "என்னைக் கேக்காம ஃபார்முலா வேணாம், லாக்டேஷன் கன்சல்டன்ட் (தாய்ப்பால் குடுக்க சொல்லித் தர்றவங்க) வரணும்"னு ஃபைல்ல எழுதச் சொல்லுங்க.

புங்கோல் ரெண்டு புள்ள:
நான் ராத்திரி நர்சரிக்கு குடுத்தேன், தையல் வலில தூங்கியே ஆகணும்னு இருந்துச்சு, பசிச்சா எழுப்பி கொண்டு வந்தாங்க, பாலும் நல்லா வந்துச்சு. அதனால நர்சரியே தப்புன்னு சொல்ல மாட்டேன், உங்களைக் கேக்காம புட்டிப்பால் குடுத்ததுதான் தப்பு.

ஈசூன் அம்மா:
ரொம்ப நன்றி அக்கா, படிக்கும்போதே அழுகை வந்துடுச்சு. அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட சொல்லிடறேன். ராத்திரி வீட்டுக்காரர் கூட தங்க விடுவாங்களா?

நைட் ஷிஃப்ட் மிஸ்ஸி:
தனி ரூம்னா பெரும்பாலும் விடுவாங்க, பல பேர் படுக்கிற வார்டுனா கஷ்டம். புக் பண்றப்பவே கேட்டுக்கோங்க. அவர் இல்லாட்டியும் பெல் அடிங்க, புள்ளைய தூக்கி மார்ல வச்சு விடறதும் எங்க வேலைதான்.