காரில் லேப்டாப் சார்ஜ்: உங்கள் அனுபவம் என்ன?

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். முகூர்த்த நாட்களில் ஒரு மண்டபத்திலிருந்து அடுத்த மண்டபத்துக்கு ஓடும்போது, பின்சீட்டில் உட்கார்ந்தே கார்டை காப்பி செய்து ஹைலைட்ஸும் வெட்டிவிடுவேன். முன்பெல்லாம் லைட்டர் சாக்கெட்டில் 150 வாட் இன்வெர்ட்டர். மலிவு ரகம், வீட்டு கரண்ட் மாதிரி சீரான அலையாக (சைன் வேவ்) வராது. லேப்டாப் அடாப்டர் லேசாக உறுமும், தொட்டால் சுடும், சில சமயம் டச்பேடில் கர்சர் தன்பாட்டுக்கு ஓடும். பார்த்தால் அது சுற்றி வளைத்த வேலைதான். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 19-க்கு இறக்குகிறது. இரண்டு இடத்திலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகவே போய்விடும்.

இப்போது டைப்-சி லேப்டாப். 12-ஐ நேராக 20 வோல்ட்டுக்கு ஏற்றித்தரும் 65 வாட் கார் சார்ஜர் போதும். வாங்கும்போது அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள், எல்லா போர்ட்டையும் கூட்டிப் போட்டிருப்பார்கள். ஒரே போர்ட்டில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருக்க வேண்டும். கேபிளும் 5 ஆம்பியர் ரகமாக இருக்கட்டும், சாதா கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும்.

*

கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் சொல்வது சரி. ஆனால் என்னிடம் வருவது பெரும்பாலும் ப்யூஸ் கேஸ். பல வண்டிகளில் அந்த சாக்கெட்டுக்கு 10 அல்லது 15 ஆம்பியர்தான். 10 என்றால் 120 வாட் கணக்கு, 150 வாட்டை முழுசாக இழுத்தால் தாங்காது. ஒருத்தர் அடிக்கடி போகிறதே என்று 30 ஆம்பியர் ப்யூஸைச் சொருகிவிட்டார். டேஷ்போர்டைக் கழற்றினால் ஒயர் உருகி ஒட்டிக் கிடந்தது. ப்யூஸ் இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தானே!

அப்புறம், செல்ஃப் அடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். அந்த நொடியில் பேட்டரி 10 வோல்ட் பக்கம் இறங்கும், வண்டி ஓடத் தொடங்கியதும் 14-க்கு ஏறும்.

*

இன்ஜினை நிறுத்திவிட்டு வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. மகளின் டியூஷன் வாசலில் என்னைப் போலவே காரில் ஆபீஸ் வேலை பார்ப்பவர் ஒருவர் உண்டு. சின்ன கார், 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி. 65 வாட் என்றாலும் இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 6 ஆம்பியர் ஆகிவிடும், மூன்று மணி நேரத்தில் பாதி காலி. பேட்டரி இறங்கினால் இன்வெர்ட்டர் பீப் அடிக்குமே என்று நம்பியிருந்தார். அது வாயைத் திறப்பதே 10.5 வோல்ட் பக்கம்தான், அதற்குள் செல்ஃப் செத்துவிட்டது. ஆட்டோ கியர் வண்டி என்பதால் தள்ளியும் பயனில்லை. என் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுத்தான் கிளப்பினோம்.