பாதி மலையில் அணைந்துபோகும் ஜிபிஎஸ் கருவி

கேள்வி: ஆயர் ஈத்தாம் மலைநடை
வணக்கம். முழங்கால் வலியால் மலையேறுவதை நிறுத்தியபோது அப்பா தமது கையடக்க ஜிபிஎஸ் கருவியை என்னிடம் கொடுத்தார். அவர் நடந்த பாதைகளெல்லாம் அதில் பதிந்திருக்கின்றன. புதிது வாங்க மனமில்லை.

ஞாயிறு விடியற்காலையில் மூன் கேட் வழியாகப் பினாங்குக் கொடிமலை ஏறுகிறேன். இரண்டு டபுள் ஏ பேட்டரிகள், சார்ஜ் செய்து பயன்படுத்தும் வகை. வீட்டில் பார்த்தால் முழுதாகக் காட்டுகிறது. ‘84’ தேநீர்க் குடிலை எட்டுவதற்குள் ஒற்றைக் கோடுதான். திரை விளக்கைப் போட்டதும் அணைந்துவிடுகிறது. மீண்டும் இயக்கினால் ஐந்து நிமிடம் ஓடுகிறது. பழுது கருவியிலா, பேட்டரியிலா?

பதில்: பட்டர்வொர்த் பழுதுபார்ப்பவர்
முதலில் அப்பாவின் தடங்களைக் கணினியில் நகலெடுத்து வையுங்கள் தங்கச்சி. ஜிபிஎக்ஸ் கோப்புகளாக இருக்கும். மற்றதெல்லாம் பிறகு.

அணைந்த கருவி மீண்டும் ஓடுகிறதென்றால் பேட்டரியில் மின்சாரம் மிச்சமிருக்கிறது. கேட்ட நேரத்தில் தர முடியவில்லை. நாள்பட்ட பேட்டரியில் உள்மின்தடை ஏறிவிடும். விளக்கைப் போட்டதும் மின்னழுத்தம் சரியும், கருவியும் அணைந்துவிடும்.

கருவியின் அமைப்புகளில் பேட்டரி வகை என்னவென்று வைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். அல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். சார்ஜ் செய்யும் நிக்கல் வகை பெரும்பாலான நேரம் 1.2 வோல்ட்டிலேயே நிற்கும். வகையைத் தவறாக வைத்தால், நிறைய மிச்சமிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும். புதிய அல்கலைன் இரண்டைப் போட்டு அதே பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

பதில்: தெலுக் பஹாங் காட்டுவழி
சந்திப்புகளில் மட்டும் கருவியை இயக்கினால் போதும், பேட்டரி மிச்சமாகும்.

பதில்: பட்டர்வொர்த் பழுதுபார்ப்பவர்
ஐயா, அடர்ந்த காட்டில் அது வேண்டாம். நெடுநேரம் அணைத்து வைத்துவிட்டால், செயற்கைக்கோள்களின் பாதைத் தகவலைக் கருவி மறுபடி வாங்க வேண்டும். திறந்த வானத்தின் கீழ் ஒவ்வொரு கோளிடமும் ஏறத்தாழ 30 வினாடி போதும். மரக்கூரையின் கீழ் சமிக்ஞை அறுந்து அறுந்து வரும், அதற்குள் வழி தவறலாம். வண்டி நிறுத்துமிடத்திலேயே இயக்கி, இடத்தைப் பிடித்த பிறகு காட்டுக்குள் நுழையுங்கள். திரை விளக்கு 15 வினாடியில் அணையட்டும். இடக்கணிப்பின் பிழையைத் திருத்தும் ‘வாஸ்’ (WAAS) சேவை வட அமெரிக்காவுக்கானது, பினாங்கில் எட்டாது, அணைத்துவிடுங்கள். தடப்பதிவை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பதில்: ஆயர் ஈத்தாம் மலைநடை
மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடியே, வகை ‘அல்கலைன்’ என்றுதான் இருந்தது. பேட்டரிகள் எப்போது வாங்கியவை என்று அப்பாவிடம் கேட்டேன். கருவியோடு வாங்கியவையாம், ஏழு வருடம்! பேட்டரி அறையின் சுருளில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாக உலர்த்தினேன்.

இன்று புதிய அல்கலைன் போட்டு ஏறினேன். வீடு திரும்பும்வரை ஒரு கோடுகூடக் குறையவில்லை. சார்ஜ் நெடுநாள் தங்கும் நிக்கல் பேட்டரிகள் இரண்டு வாங்கிவிட்டேன்; அடுத்த வாரம் வகையை மாற்றிப் போடுவேன்.

அப்பா ‘ஊற்று’ என்று குறித்து வைத்த இடத்துக்கு முன்பு மூன்று முறை போக முயன்று, வழியிலேயே கருவி அணைந்துபோனது. இன்று கண்டுபிடித்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படமெடுத்து அவரிடம் காட்டினேன்.