எழுதியவரையும் கீழே வந்து தூற்றியவரையும் வாசகர் ஏன் ஒன்றாகவே பார்க்கிறார்?

கேள்வி: எல்லைக்கோட்டு ஓரம் (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆறு ஆண்டுகளாகப் பாடசாலைக் கிரிக்கெட்டைப் பற்றித் தமிழில் என் வலைப்பதிவிலும் அதனோடு சேர்ந்த முகநூல் பக்கத்திலும் எழுதி வருகிறேன். பத்திரிகையில் இரண்டு வரி ஓட்ட விபரத்தோடு முடிந்துபோகும் போட்டிகளை வெயிலில் இருந்து முழுவதுமாகப் பார்த்து, யார் எந்தப் பந்தை எப்படி ஆடினார், எந்த ஓவரில் ஆட்டம் திரும்பியது என்று விரிவாக எழுதுவதுதான் என் முயற்சி. இதில் எனக்கு வருமானம் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளின் ஆட்டம் தமிழில் பதிவாக வேண்டும் என்ற ஆசைதான் என்னை எழுத வைக்கிறது.

சென்ற மாதம் கொழும்பில் நடந்த, 19 வயதுக்குட்பட்டோருக்கான ஐம்பது ஓவர் போட்டி ஒன்றைப் பற்றி எழுதினேன். 46ஆவது ஓவரில் மிட்விக்கெட் எல்லையில் நின்ற ஒரு பிள்ளையின் கைக்கு நேராக வந்த பந்து நழுவி விழுந்தது. "அந்தப் பிடி நழுவியதோடு ஆட்டமும் கையைவிட்டுப் போனது" என்று அவருடைய பெயரையும் குறிப்பிட்டு எழுதிவிட்டு உறங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தபோது கீழே 63 பின்னூட்டங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பிள்ளையின் குடும்பத்தையும் ஊரையும் நிறத்தையும் இழுத்து எழுதப்பட்டவை.

அன்று மாலை அவருடைய தாயார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் கத்தவில்லை. "தம்பி, நீங்கள் எழுதினதை ஒருக்கா வாசிக்கிறன், கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு, என்னுடைய அந்த ஒரு வாக்கியத்தை வாசித்தார். பிறகு மூச்சுவிடக்கூட நிறுத்தாமல், அதே குரலில், முதல் பின்னூட்டத்தையும் இரண்டாவதையும் மூன்றாவதையும் வாசித்துக்கொண்டே போனார். அவருக்கு அது முழுவதும் ஒரே கட்டுரை. "மற்றவற்றை நான் எழுதவில்லை, அம்மா" என்று நான் சொன்னபோது, "உங்கட இடத்திலதானே இருக்குது" என்றார். பிள்ளை இரண்டு நாளாகப் பயிற்சிக்குப் போகவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

நாற்பது வருடமாகப் பத்திரிகை வாசிக்கும் என் மாமாவும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறார். பத்திரிகையில் எழுதுபவர்தான் எழுத்தாளர், இணையத்தில் எழுதுவது தெருச்சண்டை என்பது அவருடைய முடிவு. அவர் என் பதிவுகளை வாசிப்பதே இல்லை, கீழே உள்ளவற்றைத்தான் பார்க்கிறார். பொதுவாசகர்கள் இந்த வேறுபாட்டைக் காணாமலிருப்பது ஏன்? பின்னூட்டப் பகுதியை மூடிவிடுவதா, அல்லது திறந்துவைத்துக்கொண்டு பொறுப்பேற்பதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர் (கொட்டாஞ்சேனை)

தம்பி, அந்தத் தாயாரிடம் தவறில்லை. நாங்கள் அவருக்குப் பழக்கிய முறையில்தான் அவர் வாசித்திருக்கிறார்.

நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். இலங்கை அணி தோற்ற மறு வாரம் எங்கள் மேசைக்கு வந்த கடிதங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவப்பு மையில், அஞ்சலட்டையின் ஓரம் வரை நெருக்கி எழுதி, வீரர்களின் தாய் தகப்பனைத் திட்டிய கடிதங்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்றையும் வாசகர் கண்டதில்லை. பெயரும் முகவரியும் இல்லாதவற்றை முதலில் ஒதுக்குவோம், மிஞ்சியதில் அவதூறானவற்றைக் கூடையில் போடுவோம், நல்ல விமர்சனம் இருந்தால் மொழி திருத்திப் பிரசுரிப்போம். ஆகவே, ஒரு பக்கத்தில் ஒரு வரி இருக்கிறதென்றால் யாரோ பொறுப்பானவர் அதைப் பார்த்துச் சம்மதித்திருக்கிறார் என்ற நம்பிக்கை வாசகரின் கண்ணிலேயே ஊறிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் அவர் உங்கள் பக்கத்துக்கும் வருகிறார். அங்கே உதவி ஆசிரியர் ஒருவரும் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தூற்றுதல் இணையத்தோடு பிறந்தது என்று உங்கள் மாமா நினைத்தால் அது சரியல்ல. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயார் ஏழு தடவை நோபோல் கொடுத்தார். அதற்குப் பிறகு முரளி அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போதெல்லாம் பார்வையாளர்கள் ஒவ்வொரு பந்துக்கும் "நோபோல்" என்று கூவினார்கள். 2004இல் அந்நாட்டுப் பிரதமர் ஜோன் ஹவார்டே அவருடைய பந்துவீச்சு முறையற்றது என்று பகிரங்கமாகச் சொன்னார். அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்கு முரளி போகவில்லை. 1996 மார்ச் 13இல் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் உலகக் கிண்ண அரையிறுதி போத்தல் வீச்சோடு நின்றுபோனதையும், போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் வெற்றியை எங்களுக்கு வழங்கியதையும் அன்று இரவு மேசையில் இருந்து தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். கோபம் அன்றும் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் எழுத்தாக மாறி, ஒரு பிள்ளையின் பெயருக்குக் கீழே நிலையாக ஒட்டிக்கொண்டு, அவன் எப்போது தேடினாலும் கிடைக்கும் வகையில் இருந்ததில்லை. அதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன்.

கூடை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மறுமொழி 2: ஓட்டப் பதிவாளர் (தெஹிவளை)

ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். பெண்கள் கிரிக்கெட்டுக்கு ஸ்கோரராக இருந்து, அதைப் பற்றி எழுதியும் வருபவள் நான். 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்த நாளில்கூட, என் பதிவின் கீழே சமையலறையைப் பற்றி எழுதிய ஆண்கள் இருந்தார்கள்.

அண்ணா, அந்த 63 பின்னூட்டங்களையும் எத்தனை பேர் எழுதினார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் தேசியப் பொது வானொலியான என்பிஆர் 2016இல் தன் இணையத்தளத்தில் பின்னூட்டங்களை நிறுத்தியபோது வெளியிட்ட கணக்கு இது: அந்த ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் பேர் தளத்துக்கு வந்தார்கள், 4,91,000 பின்னூட்டங்கள் பதிவாகின, ஆனால் அவற்றை எழுதியவர்கள் 19,400 பேர்தான். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நாம் "மக்கள் திட்டுகிறார்கள்" என்று சொல்லும் இடத்தில் மக்களே இல்லை. வாசித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனவர்கள்தான் மக்கள், அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பக்கத்தில் தெரிவதில்லை.

அப்படி அமைதியாக வாசித்துவிட்டுப் போகிறவரையும் இது பாதிக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டொமினிக் புரொசார்ட், டீட்ரம் ஷோய்ஃபெல ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 1,183 பேருக்கு நானோ தொழில்நுட்பம் பற்றிய ஒரே வலைப்பதிவைக் கொடுத்து, சிலருக்கு நாகரிகமான பின்னூட்டங்களோடும் சிலருக்கு வசைகளோடும் காட்டினார்கள். வசைகளைக் கண்டவர்களிடம், அந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்தைப் பற்றிய கருத்துகள் மற்றவர்களிடம் இருந்ததைவிட எதிரெதிர்த் துருவங்களாகப் பிரிந்தன. மேலே இருந்த எழுத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஆகவே உங்கள் மாமா கீழே உள்ளதை மட்டும் பார்த்து உங்களை மதிப்பிடுவது அவருடைய தனிப்பட்ட பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தொழில்முறைப் பத்திரிகையாளர்களும் இதே தவறைச் செய்தார்கள். 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் பொப் கோஸ்டாஸ் நடத்திய நிகழ்ச்சியில், புலிட்சர் விருது பெற்ற பத்திரிகையாளர் பஸ் பிஸிங்கர், டெட்ஸ்பின் என்ற விளையாட்டு வலைத்தளத்தைத் தொடங்கிய வில் லீச்சிடம் கொதித்து எழுந்தார். பதிவர் எழுதியதும் கீழே பெயர் தெரியாதவர்கள் எழுதியதும் அங்கே ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்ந்துவிட்டன என்பதுதான் பிறகு பலர் எடுத்துக்காட்டிய குறை. தான் நடந்துகொண்ட விதத்துக்குப் பிஸிங்கர் பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

இணையத்தில் எழுதுவது தெருச்சண்டை என்று மாமா மறுபடி சொன்னால், இன்று அவரும் ஓட்ட விபரம் பார்க்கக்கூடிய கிரிக்இன்ஃபோ, 1993இல் சைமன் கிங்கும் ஊதியமில்லாத தன்னார்வலர்களும் சேர்ந்து தொடங்கியது என்று சொல்லுங்கள். அமெரிக்க விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான ஈஎஸ்பிஎன் அதை வாங்கியது 2007இல்தான்.

மூடிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை 2016இல் தன் தளத்தின் 7 கோடி பின்னூட்டங்களை ஆராய்ந்தபோது, அதிகமாகத் தூற்றப்பட்ட பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்களாகவும், மற்ற இருவர் கறுப்பின ஆண்களாகவும் இருந்தார்கள். அதே ஆய்வு, உரையாடல் மரியாதையாக நடந்த தலைப்புகளில் கிரிக்கெட்டையும் ஒன்றாகச் சொன்னது. அங்கே பின்னூட்டங்களைக் கவனிக்க ஆட்கள் இருந்தார்கள், விதிமீறியவை நீக்கப்பட்டன. ஆட்டத்தைப் பற்றிப் பேச வருபவர்களுக்கு ஓர் இடம் இருக்கத்தான் வேண்டும்.

மறுமொழி 3: கறுப்பு அங்கி (புதுக்கடை)

சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "நான் எழுதவில்லை" என்ற விடை எல்லா நாடுகளிலும் செல்லுபடியாவதில்லை. எஸ்தோனியாவின் டெல்ஃபி செய்தித்தளம் வாசகர்களின் பின்னூட்டங்களுக்குப் பொறுப்பாளி என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் தீர்த்ததை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2015இல் சரியெனக் கண்டது. 2021 செப்டம்பரில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், முகநூல் பக்கம் வைத்திருக்கும் ஊடக நிறுவனங்கள், அதன் கீழே மற்றவர்கள் இடும் பின்னூட்டங்களின் வெளியீட்டாளர்களாகவும் கருதப்படுவார்கள் என்று தீர்த்தது. இங்கே 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. அது கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று ஊடகவியலாளர்களும் உரிமை அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தார்கள், அந்த அச்சத்தில் எனக்கும் பங்குண்டு. அதனாலேயே, அரசாங்கம் வந்து கூடை வைப்பதற்கு முன் நாமே வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். நீக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் திகதியோடு படமெடுத்துச் சேமித்துவையுங்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒருநாள் அது தேவைப்படலாம்.

மறுமொழி 4: பழைய ஆரம்பத் துடுப்பாட்டக்காரர் (மட்டக்குளி)

தம்பி, அன்று நானும் அந்த மைதானத்தில் இருந்தேன். உங்கள் பதிவுகளை விடாமல் வாசிப்பவன் என்ற உரிமையில் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன்.

முதல் பத்து ஓவருக்குள் அந்த அணி பதினொரு வைட் போட்டது. முப்பதாவது ஓவருக்குப் பிறகு தலைவர் தன் சிறந்த சுழற்பந்து வீச்சாளரை ஏனோ மறந்துபோனார். இரண்டையும் நீங்கள் எழுதினீர்கள், ஆனால் ஆட்டம் "கையைவிட்டுப் போனது" என்ற சொல்லை ஒரு பிள்ளையின் கைக்கு மட்டும் வைத்தீர்கள். கீழே வந்தவர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். வசை அவர்களுடையது, வாசல் உங்களுடையது.

தேசிய அணி வேறு விடயம். 2023 செப்டம்பர் 17ஆம் திகதி பிரேமதாச மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கை 50 ஓட்டங்களுக்கு 15.2 ஓவரில் சுருண்டபோது, பணம் கொடுத்து வந்த சனம் கோபப்பட்டது. நவம்பர் 2ஆம் திகதி மும்பை வான்கடே மைதானத்தில் 55 ஓட்டங்களுக்கு மறுபடியும் சுருண்டார்கள். ஒப்பந்தம் வாங்கி நாட்டுக்கு ஆடுபவர்களையும், தெரிவுக்குழுவையும், நிர்வாகத்தையும் கடுமையாகக் கேள்வி கேட்கச் சனத்துக்கு உரிமை இருக்கிறது. அந்த விமர்சனத்தை வசை என்ற பெயரில் நீக்கிவிடாதீர்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு சனிக்கிழமை ஆட வரும் பதினேழு வயதுப் பிள்ளையை அதே தராசில் வைக்கக்கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். என் காலத்தில் நான் விட்ட பிடிகள் எத்தனையென்று எனக்கே நினைவில்லை. அவற்றை எழுதிவைத்தவர் ஒருவரும் இருக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: எல்லைக்கோட்டு ஓரம்

எல்லோருக்கும் நன்றி. மட்டக்குளி அண்ணை சொன்னதை வாசித்துவிட்டு நேற்று முழுவதும் என்னால் வேறொன்றும் எழுத முடியவில்லை. அவர் சொன்னது உண்மை. அந்த வாக்கியம் அழகாக வந்துவிட்டது என்பதற்காகவே அதை வைத்திருந்தேன்.

தெஹிவளைத் தங்கச்சி சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். 63இல் 41 பின்னூட்டங்கள் ஐந்து கணக்குகளிலிருந்து வந்திருந்தன. அவற்றில் இரண்டு ஒரே ஆளுடையவை என்பது எழுத்துப் பிழைகளிலிருந்தே தெரிகிறது. எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துவிட்டு நீக்கினேன். அந்தப் பந்தியைத் திருத்தி எழுதி, பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு, ஏன் திருத்தினேன் என்பதையும் பதிவின் தலையிலேயே போட்டிருக்கிறேன். இனிமேல் 19 வயதுக்குட்பட்ட ஆட்டங்களில் சிறப்பாக ஆடியதற்கு மட்டும் பெயர் வரும், தவறுக்கு அணியின் பெயர்தான். பின்னூட்டங்கள் நான் வாசித்த பிறகே வெளியாகும்.

தாயாருக்கு நேற்று இரவு தொலைபேசி எடுத்து இவற்றைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வட்ஸ்அப்பில படமாப் போனதுக்கு என்ன செய்யப் போறீங்கள், தம்பி?" என்று கேட்டார். பிள்ளையின் வகுப்புக் குழுவிலேயே அது வந்திருக்கிறதாம். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. புதுக்கடை ஐயா, அல்லது பாடசாலை நிர்வாகத்தோடு பேசிய அனுபவமுள்ள வேறு யாராவது, இதற்கு ஒரு வழி சொல்ல முடியுமா?