குடும்ப நீதிமன்ற ‘ஜூரிஸ்டிக்‌ஷன்’: ஒரே சொல் போதாது

வணக்கம் நண்பர்களே,

ஒரு வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம்தான் ‘ஜூரிஸ்டிக்‌ஷன்’. குடும்ப நீதிமன்றச் சொற்களைத் தமிழாக்கும்போது, அதற்கு ‘அதிகார வரம்பு’ என்ற சொல் இருக்கையில் புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரிய ஒரு தாயின் மனுவை ஒரு நீதிமன்றம் திருப்பிவிட்டது. அந்த உத்தரவை அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘இதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை.’ படித்துவிட்டு, “அப்போ கேஸ் தோத்துப்போச்சா?” என்றார். தோற்கவில்லை. பாதுகாவலர் சட்டப்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில் மனுப் போடவேண்டும், அவ்வளவுதான். அந்த ‘ஊர்’ என் வாக்கியத்தில் எங்குமே இல்லை.

இன்னொரு கோளாறும் அதில் இருக்கிறது. தமிழில் ‘வரம்பு இல்லை’ என்றால் அளவே இல்லை என்று பொருள். ‘அதிகார வரம்பு இல்லை’ என்று எழுதினால் நேர் எதிராகவும் படிக்கலாம். எனவே ‘வரம்புக்குள் வராது’, ‘வரம்புக்கு உட்பட்டது’ என்றே எழுதப் பழகுவோம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஊரைப் பற்றிய வரம்புக்கு ‘இடவரம்பு’. இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்று வரும் பட்டியல் முழுக்க இதுதான். மனைவி மனுதாரரானால் அவர் வசிக்கும் இடமும் 2003 திருத்தத்தில் சேர்ந்தது.

எந்த வகை வழக்கு என்பது வேறு கேள்வி. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 7ஆம் பிரிவில், திருமணம் செல்லுமா, தம்பதியரின் சொத்து, ஜீவனாம்சம், குழந்தையின் பாதுகாவல் என்று வகைகளைச் சொல்கிறது. இதற்கு ‘பொருள்வரம்பு’ என்றார் ஒரு நண்பர். ‘பொருள்’ என்றதும் பணம் நினைவுக்கு வருகிறது, வழக்கின் மதிப்பைக் குறிக்கும் வரம்போடு குழம்பிவிடும். ‘வகைவரம்பு’ என்றால் சந்தேகமே வராது. மதிப்புக்கு ‘மதிப்புவரம்பு’ போதும்.

அப்புறம் ‘டிரான்ஸ்ஃபர்’, அதாவது வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது. ‘வழக்கு மாற்றம்’ என்றால் வழக்கையே வேறொன்றாக ஆக்கியதுபோல் இருக்கிறது; ‘இடமாற்றம்’ என்றால் அதிகாரிகள் நினைவுக்கு வருகிறார்கள். நான் ‘பெயர்தல்’, ‘பெயர்த்தல்’ என்ற இணையைக் கேட்கிறேன், காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு பகுதியில் குடும்ப நீதிமன்றம் அமைந்ததும், அங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள இந்த வகை வழக்குகள் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி தாமாகவே குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்விடும். யாரும் மனுப் போடவேண்டியதில்லை. இது ‘வழக்குப் பெயர்வு’. கைக்குழந்தையோடு இத்தனை தூரம் அலைய முடியவில்லை என்று ஒரு பெண் உயர் நீதிமன்றத்தில் கேட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்கீழ் உத்தரவு வாங்கினால் அது ‘வழக்குப் பெயர்ப்பு’. மாநிலம் விட்டு மாநிலம் என்றால் 25ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றம். தன்வினை, பிறவினை வேறுபாடு இவ்வளவு வாகாகக் கிடைக்கும்போது ஏன் விடவேண்டும்? ‘பெயர்’ என்று தவறாகப் படிப்பார்கள் என்ற தயக்கம் எனக்கு இல்லை. ‘மொழிபெயர்ப்பு’ என்பதை யாரும் மொழியின் பெயர் என்று படிப்பதில்லையே.

கடைசியாக, தொடர்புடைய வழக்குகள். ‘கிளைவழக்கு’ வேண்டாம், ஒன்று மற்றதற்குக் கீழ்ப்பட்டது என்றாகிவிடும். கணவர் சென்னையில் விவாகரத்து மனுப் போட, பிறகு மனைவி திருநெல்வேலியில் அதையே கேட்டால் இரண்டுக்கும் சம நிலைதான். இந்து திருமணச் சட்டத்தின் 21ஏ பிரிவு பார்ப்பது எது முந்தியது என்பதை மட்டுமே. என் பரிந்துரை ‘இணைவழக்கு’. உத்தரவில் இப்படி வரும்: ‘பின்னர் தொடுத்த இணைவழக்கு, முந்தைய மனு நிலுவையிலுள்ள நீதிமன்றத்துக்குப் பெயர்க்கப்படுகிறது, இரண்டும் சேர்த்து விசாரிக்கப்படும்.’

அந்தத் தாய்க்கும் உத்தரவைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: ‘இந்த மனு இந்த நீதிமன்றத்தின் இடவரம்புக்குள் வராது. குழந்தை வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்.’ எந்தப் பஸ் பிடிக்கவேண்டும் என்றுதான் அடுத்து கேட்டார்.